பதினேழாம் வினாவின் கெழு

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். எதன்மீது சத்தியம் என்று கேட்டால், என் மூக்குக்கண்ணாடியின்மீது. இந்த வயதில் அதைவிட வேண்டியது எனக்கு வேறில்லை. மேலும், பொய் சொல்ல நல்ல ஞாபகசக்தி வேண்டும். யாரிடம் என்ன சொன்னோம் என்று கட்டிக் காத்துக்கொண்டே இருக்கவேண்டும். எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே மத்தியானம்வரை விவாதத்தில் இருக்கிறது. ஆகவே உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை.

ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். இருபத்தாறு வருடம் கரும்பலகைக்கு முகத்தையும் பிள்ளைகளுக்கு முதுகையும் காட்டிப் பிழைத்தவர். தன்னைப் பற்றி அவருக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. மற்ற பாடங்களில் இடம் நிரம்பிவிட்டதால்தான் கணக்கில் சேர்ந்ததாகவும், அதைக் கணக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை என்றும் அவரே சொல்லிக்கொள்வார். வீட்டிலும் அதே மதிப்புதான். சுவரில் ஆணி அடிக்க அவர் அளவெடுத்தால், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி நாடாவை வாங்கி இன்னொருமுறை எடுப்பார். இரண்டு அளவும் ஒத்துவந்தால் மூன்றாவது முறையும் எடுப்பார்.

ஒவ்வொரு வருடமும் தேர்வு வாரியம் வாத்தியாரை விடைத்தாள் திருத்த அழைக்கும். அந்த வருடம் முகாம் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. உயரமான முக்காலிகள், கல் பதித்த மேசைகள், எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீருக்குப் பதில் ஒரு பெருமூச்சு. காலையில் இருபது விடைத்தாள், மாலையில் இருபது. கையில் சிவப்புப் பேனா, பக்கத்தில் வாரியம் கொடுத்த விடைக்குறிப்பு. அவ்வளவுதான். வினாத்தாளை முகாமுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விதி. வினாவைப் படித்தால் திருத்துகிறவருக்குச் சொந்த அபிப்பிராயம் ஏதாவது உண்டாகிவிடும் என்பது வாரியத்தின் கவலை. இருபத்தாறு வருடமும் வாத்தியார் வினாவைப் படிக்காமலே திருத்தினார்; ஒரு வருடமும் அவருக்கு அபிப்பிராயம் உண்டானதில்லை.

பதினேழாம் வினாவுக்கு விடைக்குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது: "a = 3. நான்கு மதிப்பெண்." வாத்தியார் மூன்றைப் பார்ப்பார், நான்கு போடுவார். பத்து நாளில் நானூறு தாள், பதினோராம் நாள் காலையில் ஏழு. நானூற்று ஏழு பேரும் வழிமுறையோடு மூன்று என்று எழுதியிருந்தார்கள். வாத்தியாருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாட்டில் கணக்கு வளர்ந்துவிட்டது என்று பக்கத்து முக்காலிக்காரரிடம் சொல்லவும் சொன்னார்.

நானூற்று எட்டாம் தாளில் மூன்று இல்லை. அதற்குப் பதிலாக, உருண்டையான, அவசரமில்லாத கையெழுத்தில் இப்படி இருந்தது:

"ஒரு புள்ளி வழியாகப் போகிறது என்று போட்டிருக்கிறது. எந்தப் புள்ளி என்று போடவில்லை. எங்கே ஏறினார் என்று சொல்லாதவருக்கு டிக்கெட் கிழிக்க முடியாது. ஆகவே a-யைக் கண்டுபிடிக்க முடியாது. புள்ளியைச் சொன்னால் உடனே கண்டுபிடித்துத் தருகிறேன்."

வாத்தியாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இன்னொருமுறை படித்தார். வினாத்தாளைப் பார்க்கவேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. வினாத்தாளுக்கு எங்கே போவது? அவர் அதிர்ஷ்டம், மேசையின் ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுக்க யாரோ நாலாக மடித்து வைத்திருந்த காகிதம் அந்த வருடத்து வினாத்தாள்தான். வாத்தியார் குனிந்து உருவினார். மேசை சாய்ந்து, பக்கத்து முக்காலிக்காரரின் சிவப்பு மைப் புட்டி அவர் மடியிலேயே கவிழ்ந்தது. அந்த மனிதர் அன்று முழுவதும் கத்திக்குத்துப் பட்டவரைப்போல உட்கார்ந்து திருத்தினார்.

வினா இதுதான்: "y = a × 2ˣ என்ற அடுக்குக்குறிச் சார்பின் வரைபடம் பின்வரும் புள்ளி வழியாகச் செல்கிறது. a-இன் மதிப்பைக் காண்க." அதன் கீழே பதினெட்டாம் வினா. பின்வரும் புள்ளி பின்வரவே இல்லை. அச்சகத்தில் ஒரு வரி விழுந்துபோயிருக்கிறது. அச்சுக்கோப்பவர்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் அப்படித்தான்.

கணக்கோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏதோ ஒன்று படிக்குப் படி இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. ஆரம்பத்தில் அது எவ்வளவு இருந்தது? அந்த ஆரம்ப அளவுதான் கெழு, அதாவது a. இரண்டாம் படியில் பன்னிரண்டு இருந்தது என்று ஒரு புள்ளியைச் சொல்லிவிட்டால், பின்னால் நடந்து ஆறு, மூன்று என்று பிடித்துவிடலாம். ஒன்றுமே சொல்லாவிட்டால் ஆண்டவன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் நானூற்று ஏழு பேர் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாடப்புத்தகத்தில் இதே சார்புக்கு ஒரு மாதிரிக் கணக்கு உண்டு. அதில் விடை மூன்று. எல்லோரும் அதை வரிபிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார்கள். வினாவில் என்ன இருக்கிறது என்று அவர்களும் பார்க்கவில்லை, வாத்தியாரும் பார்க்கவில்லை. கணக்கு அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

வாத்தியார் நானூற்று எட்டாம் தாளின் மற்ற மதிப்பெண்களைக் கூட்டினார். முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், நான்கு போட்டார். அவருக்கு அபிப்பிராயம் உண்டாகிவிட்டது.

அரை மணியில் முகாம் அலுவலர் வந்து நின்றார். விதிகளை மட்டும் தின்று வளர்ந்தவர்போல ஒல்லியாக இருப்பார்.

"என்ன வாத்தியாரே, மூணு இல்லாத எடத்துல நாலு போட்டிருக்கீங்களாமே?"

"சார், வினாவே தப்பு. புள்ளி இல்ல. இதுல கண்டுபிடிக்க முடியாதுங்கிறதுதான் சரியான விடை."

"வினா தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன் சார்."

முகாம் அலுவலர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை வெளிய சொல்லாதீங்க. குடும்பஸ்தர் நீங்க."

ஆனால் அவரே போய் மேலிடத்தில் சொல்லிவிட்டார். நான்கு அடிக்கப்பட்டுப் பூஜ்யமாயிற்று. வாத்தியாருக்கு வாரியத்திலிருந்து ஓலை வந்தது: வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கவும்.

வாரியத்தின் செயலாளர் நல்ல மனிதர். யாரிடமும் கோபப்பட மாட்டார். கோபப்படுவதற்கு விஷயம் புரியவேண்டும். அவருடைய அறையில் நான்கு இரும்பு அலமாரிகள், ஒரு நீளமான மேசை, அதற்கு எதிரே இருவர் உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், காக்கி உடுப்பு, தோளில் தோல் பை, காதுக்குப் பின்னால் பேனா. பஸ் கண்டக்டர். தனியாகப் படித்துத் தேர்வு எழுதிய அம்மாள். வினாவின்மீது புகார் எழுதிய குற்றத்துக்காக அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்கதான் நாலு போட்ட சாரா?" என்று கண்டக்டர் நகர்ந்து இடம் கொடுத்தார். "அந்த நாலு நிக்குமா? டிப்போல செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலை ஒண்ணு காலியா இருக்கு. பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டே வேலை பாக்கறேன் சார், முட்டி ரெண்டும் போச்சு. பாஸ்னு ஒரு சீட்டு வேணும். நாப்பது நாள்தான் டயம்."

"கவலைப்படாதீங்கம்மா. நியாயம் நம்ம பக்கம்" என்றார் வாத்தியார். இந்த மாதிரிப் பேச்சை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. அதைச் சொல்லும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்ததாம்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "வாரியம் தப்பு பண்றதில்ல. இதை நான் பெருமைக்குச் சொல்லல. தப்பு நடந்தா அதைப் பதிஞ்சு வைக்க ஒரு பதிவேடு வேணும். அந்தப் பதிவேடு எங்ககிட்ட இல்ல. அம்பது வருஷமா இல்ல. அப்போ தப்பு எங்கேருந்து வரும், சொல்லுங்க."

வாத்தியார் வினாத்தாளை நீட்டினார். "சார், இதுல புள்ளி இல்ல."

"எங்களுக்கு அது தெரியல. அதுக்காக இல்லன்னு ஆயிடுமா? எனக்கு என் மூக்குகூடத்தான் தெரியல."

"வினா தயாரிச்சவரைக் கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும் சார்."

"அவர் யாருன்னு வாரியத்துக்கே தெரியாது. அவ்வளவு ரகசியம். பேர் ஒரு உறைக்குள்ள இருக்கு. உறை இந்த அலமாரிக்குள்ள இருக்கு. அலமாரிச் சாவி பத்திரமா இருக்கணும்னு அதையும் அந்த உறைக்குள்ளயே போட்டு ஒட்டிட்டோம்." இதைச் சொல்லும்போது செயலாளரின் முகத்தில் ஒரு ஒளி வீசியது. பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார். "அது இருக்கட்டும். பத்து நாளா வினாவைப் பாக்காமலே நானூத்தி ஏழு பேருக்கு மார்க் போட்டீங்களா?"

வாத்தியாருக்குக் காது சிவந்தது. பக்கத்தில் அந்த அம்மாள் வேறு திரும்பிப் பார்த்தார். "ஆமா சார். பாக்கல."

"அப்போ நீங்க ஒழுங்காத்தான் வேலை பாத்திருக்கீங்க. பதினோராம் நாள்தான் கெட்டுப்போயிருக்கீங்க. வயசானா வர்றதுதான்."

அன்று மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. விட்டுப்போன புள்ளியைத் தேட ஒரு குழு. வினாவின் மானத்தைக் காக்க ஒரு குழு. விடைக்குறிப்பு வருத்தப்படாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு. குழுவுக்கு ஐந்து பேர். வாத்தியாரை முதல் குழுவில் போட்டார்கள். குற்றம் சாட்டியவரே தேடினால் செலவு மிச்சம்.

வாரியத்தின் விதி ஒன்று உண்டு: எந்தக் குழுவையும் தனியே விடக்கூடாது, ஒரு வாரத்துக்குள் அதைக் கண்காணிக்க இன்னொரு குழு வேண்டும். கண்காணிக்கிற குழுவும் குழுதானே, அதையும் தனியே விடமுடியுமா? ஆகவே அடுத்த வியாழன் குழுக்கள் ஆறு. அதற்கடுத்த வியாழன் பன்னிரண்டு. பிறகு இருபத்துநான்கு. பிறகு நாற்பத்தெட்டு. ஊரில் கணக்கு வாத்தியார்கள் தீர்ந்துபோய் வரலாற்று வாத்தியார்களைப் பிடித்தார்கள், பிறகு ஓவியம், பிறகு தையல். சைக்கிள் கொட்டகையில் இரண்டு குழுக்கள், மாடிப்படியில் படிக்கு ஒரு குழு. மேலே போக வேண்டியவர்கள் ஒவ்வொரு குழுவிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு ஏறினார்கள். வாரியத்தின் காவலாளி முப்பத்தொன்பதாம் குழுவுக்குத் தலைவரானார். மிக நன்றாக நடத்தினார் என்று கேள்வி. உறுப்பினர்களை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வெளியே நின்றுகொள்வார்.

முதல் குழு புள்ளியை மனதாரத் தேடியது. அச்சகத்துக்குப் போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். தேர்வு நடந்த கூடத்தில் மேசைக்கு அடியில் தேடினார்கள். வாத்தியாரும் முழங்காலிட்டுத் தேடினார். தேடுவது ஒரு பித்தானோ ஊக்கோ அல்ல என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் எல்லோரும் தேடும்போது தான் மட்டும் நிற்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. ஒரு பித்தான் கிடைக்கவும் செய்தது. அதை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து பழைய காலண்டரின் பின்புறம் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது?" என்றார் மனைவி.

"குழுவெல்லாம் எண்ணிக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு வாரமும் ரெட்டிப்பாகுது. ரெண்டாவது வாரம் பன்னெண்டு. பின்னால போனா ஆறு, மூணு. ஆரம்பம் மூணு." வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார். "அடேயப்பா, இதே சார்புதான். ஏ சமம் மூணு. வாரியமே அந்த வரைபடத்துமேலதான் போய்க்கிட்டிருக்கு."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. தமாஷா இருக்கு."

"இந்தத் தமாஷை வெளிய சொல்லாதீங்க" என்றார் மனைவி. "நீங்க வாயைத் தொறந்தா யாருக்காவது ஒடம்புக்கு ஆகாது."

மருந்துக்கடை அனுபவம் அப்படிப் பேசியது. வாத்தியார் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகத் தானாக ஒரு கணக்கைப் போட்டிருக்கிறார். அது வயிற்றில் தங்குமா? அடுத்த வியாழன், குழுக்கள் தொண்ணூற்றாறு ஆன அன்று, எல்லாக் குழுக்களும் வாரியத்து முற்றத்தில் கூடின. நானூற்று எண்பது பேர். கண்டக்டர் அம்மாளும் வந்திருந்தார். செயலாளர் கேட்டார்: "யாராவது ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

வாத்தியார் எழுந்தார். கேலியாகத்தான் எழுந்தார். கரும்பலகையைக் கொண்டுவரச் சொல்லி, வாரம், குழு என்று இரண்டு பத்தி போட்டு, வரைந்தும் காட்டினார். "புள்ளியை வெளிய தேடவேண்டியதில்ல சார். நீங்களே புள்ளி. ரெண்டாவது வாரம், பன்னெண்டு குழு. அப்போ ஏ மூணு. இதைவிடக் கேவலம் வேணுமா?"

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. முற்றம் அதற்குள் கை தட்டத் தொடங்கியிருந்தது. செயலாளர் மேடையிலிருந்து இறங்கிவந்து வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர்.

"கெடச்சிடுச்சு. புள்ளி எங்ககிட்டயேதான் இருந்திருக்கு. வாரியம் எவ்வளவு தொலைநோக்கோட வினா கேட்டிருக்கு பாத்தீங்களா? பரீட்சைக்கு அப்புறம் நடக்கப்போறதை வச்சு பரீட்சையில கேட்டிருக்கு. விடைக்குறிப்புல மூணுன்னு போட்டிருக்கு, நாமளும் மூணுலதான் ஆரம்பிச்சிருக்கோம். வினா சரி, விடை சரி." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டக்டர் பக்கம் திரும்பினார். "ஆகவே கண்டுபிடிக்க முடியாதுன்னு நீங்க எழுதினது தப்பு. பூஜ்யம்."

வாத்தியாருக்குக் கையிலிருந்த சுண்ணக்கட்டி நழுவியது. அந்த அம்மாளைக் காப்பாற்றப் புறப்பட்டவர், அவர் தேறவே முடியாதபடி ஒரு நிரூபணத்தைத் தன் கையாலேயே எழுதி, படமும் வரைந்திருந்தார். அவர் வாழ்நாளில் தப்பில்லாமல் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

கண்டக்டர் எழுந்து நின்றார். பஸ்ஸில் நின்று பழகியவர், கால்களை அகட்டிப் பிடிமானமாக நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். நான் பரீட்சை எழுதினது முதல் குழுவுக்கு நாலு வாரம் முந்தி, வியாழக்கிழமை. அன்னைக்கு உங்ககிட்ட ஒரு குழுவும் கெடையாது. இல்லாத குழுவை எண்ணி நான் எப்படிக் கணக்குப் போடறது?"

செயலாளர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சந்தோஷமாகக் கரும்பலகைக்குத் திரும்பினார்; இதோ வழி பிறந்துவிட்டது. நாலு வாரம் பின்னால் போகவேண்டும். மூன்றில் பாதி, அதில் பாதி, அதில் பாதி, அதில் பாதி. "வரைபடம் உண்மைன்னா, அன்னைக்கு ஒரு குழுவுல பதினாறுல மூணு பங்கு இருந்திருக்கணும் சார். குழுவுக்கு அஞ்சு பேர். அப்போ பதினாறுல பதினஞ்சு ஆள். ஒரு ஆளுக்குக் கொஞ்சம் கம்மி. அப்படி ஒண்ணு இருந்திருக்க முடியாது. அந்த அம்மா சொல்றது சரி."

முகாம் அலுவலர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"சார், அன்னைக்கு நான் இங்க தனியா இருந்தேன். என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"முழு நாளுமா?" என்று செயலாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

முகாம் அலுவலர் தலை குனிந்தார். "மன்னிக்கணும் சார். எட்டு மணி நேரத்துல அரை மணி முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டேன்."

வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். போடாமல் இருந்திருக்கலாம். எட்டில் அரை போனால் ஏழரை. எட்டுக்கு ஏழரை என்றால் பதினாறுக்குப் பதினைந்து. ஒரு நூலிழை பிசகவில்லை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டே சொல்கிறேன், ஏழரை மணிதான்.

கைதட்டலில் புறாக்கள் பறந்தன. அரை மணி முன்னதாக வீட்டுக்குப் போனதற்காக முகாம் அலுவலருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை வாத்தியார் பேருந்து நிலையத்துக்குப் போய்க் கண்டக்டரைத் தேடினார். அவர் டிக்கெட் கட்டுகளை ரப்பர் வளையம் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு உதவப் போய் உங்க தலையிலயே போட்டுட்டேன்" என்றார் வாத்தியார்.

"பரவால்ல சார். நல்லா வெளக்கினீங்க. எனக்கே புரிஞ்சுது நான் ஏன் ஃபெயில்னு." கண்டக்டர் சிரிக்காமல்தான் சொன்னார். "இன்னும் நாலு நாள் இருக்கு. பாப்போம். இல்லன்னா பஸ்ஸு எங்க போகப்போகுது."

அவர் படியேறும்போது முட்டியில் கை வைத்து அழுத்திக்கொண்டு ஏறியதை வாத்தியார் பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வாரியம் எந்தத் தப்பையுமே ஒத்துக்காதா?" என்று மனைவி கேட்டார்.

"ஒரே ஒரு தப்புக்குப் படிவம் வச்சிருக்காங்க. கூட்டல் பிழை. திருத்தினவன் மார்க்கைக் கூட்டத் தெரியாம கூட்டிட்டான்னா, அவனே எழுதிக் குடுத்தா மொத்தத்தை மாத்துவாங்க. அது வாரியத்துத் தப்பு இல்லையே, வாத்தியார் தப்பு."

"அப்புறம் என்ன? எழுதிக் குடுங்க."

"என்னன்னு?"

"எனக்குக் கூட்டத் தெரியாதுன்னு."

"இருபத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்துட்டு?"

"வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. வாரியத்துக்கும் தெரிஞ்சா என்ன இப்போ?" என்று சொல்லிவிட்டு அவரே பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

வாத்தியார் எழுதினார். "நானூற்று எட்டாம் விடைத்தாளில் மதிப்பெண்களைக் கூட்டும்போது, கூட்டல் சரியாக வராத காரணத்தால், முப்பத்தைந்து என்பதை முப்பத்தொன்று என்று எழுதிவிட்டேன். இதற்கு நானே முழுப் பொறுப்பு." கையெழுத்துப் போடப் போனார். நான்கையும் முப்பத்தொன்றையும் கூட்டினால் முப்பத்தைந்துதானா என்று அந்த நேரத்தில் அவருக்கே சந்தேகம் வந்து, மனைவியைக் கேட்டுக்கொண்டார்.

செயலாளர் படிவத்தைப் படித்துவிட்டு அன்போடு தலையசைத்தார். "எனக்கு முதல்லயே தோணிச்சு. வினாவைப் படிக்கறவருக்குக் கூட்டல் எப்படி வரும்?" விடைத்தாளை எடுத்து மறுபடி கூட்டிப் பார்க்கலாமா என்று முகாம் அலுவலர் கேட்டார். கூட்டிப் பார்க்க ஒரு குழு வேண்டும். தொண்ணூற்றாறு குழுக்களும் பாராட்டு விழா ஏற்பாட்டில் இருந்தன. ஆகவே அப்படியே முத்திரை குத்தினார்கள். முப்பத்தைந்து. தேர்ச்சி.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சான்றிதழ் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் அம்மாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனார். இப்போது அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. முதல் நாள் காலை முழுவதும் அதில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாராம்.

வாத்தியாரை மூன்று நாள் கூட்டல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சங்கடம். முதல் நாளே எல்லாவற்றையும் சரியாகக் கூட்டிவிட்டால் படிவத்தில் எழுதியது பொய் என்று தெரிந்துவிடும். ஆகவே முதல் நாள் பத்துக்கு ஏழு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டார். இரண்டாம் நாள் நான்கு. மூன்றாம் நாள் பயிற்சியின் பலன் தெரியவேண்டும் என்று பத்தையும் சரியாகப் போட முயன்றார். இரண்டு தப்பாகவே வந்தன. அது நடிப்பல்ல. "நல்ல முன்னேற்றம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மனைவி சட்டம் போட்டு மாட்டினார். ஆணியையும் அவரே அளவெடுத்து அடித்தார்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் ஜனங்கள் வாரியத்தைத் திட்டுகிறார்கள், அச்சகத்தைத் திட்டுகிறார்கள், செயலாளரை நினைத்துச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

அந்தப் பதினேழாம் வினாவைத் தயாரித்து உறையில் போட்டு ஒட்டி அனுப்பியவன் நான். புள்ளியை நான் எழுதவே இல்லை.